தாத்தாவைப் பற்றி எழுதப் போகிற பேத்திக்கு

காட்பாடி,
14.9.2025

அன்புள்ள பேத்திக்கு,

கார்த்திகையில் வருகிற தாத்தாவின் முதல் வருஷ நினைவு நாளுக்குச் சின்னதாக ஒரு மலர் போடப் போவதாகவும், அதில் முதல் கட்டுரை உன்னுடையது என்றும் எழுதியிருந்தாய். கட்டுரையையும் அனுப்பி, திருத்தித் தரச் சொல்லியிருந்தாய். இரண்டு தரம் படித்தேன். அங்கங்கே பேனாவால் கீறிக் கொடுத்தால் உனக்கும் உபயோகம் இல்லை, எனக்கும் மனசு ஆறாது. அதனால் இந்தக் கடிதம்.

உனக்கு அவர் தாத்தா. எனக்கு அக்கா வீட்டுக்காரர். 1970இல் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். அவருடைய நடையையும் மடிப்புக் கலையாத சட்டையையும் பார்த்துத்தான் மறு வருஷம் நானும் பெங்களூருக்கு ரயில் ஏறினேன். ஆகவே இந்தக் கடிதம் முழுக்க அவர் எனக்கு மாமாதான்.

முதலில் கடுமையாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ‘வீரத் திருமகன்’, ‘எதிரிகளைச் சிதறடித்த சிங்கம்’, ‘தியாகத்தின் திருவுருவம்’ என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறாய். வேலூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒட்டுகிற எந்தப் போஸ்டருக்கும் இவை பொருந்தும். படத்தை மட்டும் மாற்றினால் போதும். மாமா எந்தச் சிங்கத்தையும் போல இருந்ததில்லை. ஐந்தடி நான்கு அங்குலம், ஒல்லி, பேச்சு குறைவு. காய்கறிக்காரியிடம் பேரம் பேசக்கூடக் கூச்சப்படுவார். அந்த மனிதரை உன் கட்டுரையில் தேடினேன், காணோம். நாளைக்கு உன் பிள்ளைகள் அதைப் படித்தால் அவரைத் தெருவில் பார்த்தாலும் அடையாளம் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

இரண்டாவது, கட்டுரையின் கடைசியில் ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்று போர் முழக்கம் போட்டு முடித்திருக்கிறாய். அது மெட்ராஸ் ரெஜிமெண்ட்டின் முழக்கம். அவர்கள் காலாட்படை, 1758இல் தொடங்கியது, தலைமையிடம் நீலகிரியில் வெலிங்டன். மாமா இருந்தது மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது மெட்ராஸ் இன்ஜினியர் குரூப். அது 1780இலிருந்து இருப்பது. பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கிறது. இரண்டும் நம் ஆட்கள் நிறைந்த படைதான், இரண்டுக்கும் பெருமை உண்டு. ஆனால் வேலை வேறு. இரண்டையும் கலந்து எழுதினால் ஊரில் இருக்கும் பழைய பட்டாளத்துக்காரர்கள் முதல் பக்கத்திலேயே மலரை மூடி வைத்துவிடுவார்கள். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்று சொல்லுகிற ஜில்லா இது. இங்கே திண்ணைக்குத் திண்ணை ஆள் இருக்கிறான், தப்பைக் கண்டுபிடிக்க.

சாப்பர் என்றால் என்ன வேலை என்று நீ எழுதவே இல்லை. அதை எழுதினால் தாத்தாவில் பாதி வந்துவிடும். படை முன்னேற வேண்டுமென்றால் ஆற்றில் பாலம் வேண்டும், சேற்றில் தடம் வேண்டும், கண்ணிவெடி புதைத்த நிலத்தில் வழி வேண்டும். இதையெல்லாம் செய்து கொடுப்பவன் சாப்பர். முள்வேலியைத் தகர்க்கக் குழாயில் வெடிமருந்து அடைத்துச் செருகும் ‘பெங்களூர் டார்பிடோ’ என்பதை 1912இல் கண்டுபிடித்தது மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த மெக்ளிண்டாக் என்ற கேப்டன். இன்றைக்கும் உலகத்துப் படைகள் அந்தப் பெயரைச் சொல்லுகின்றன. இரண்டாம் உலகப் போரில், 1944 பிப்ரவரியில், இத்தாலியில் கண்ணிவெடி அகற்றும்போது தன் ஆள் ஒருவன் வெடியை மிதித்துவிட, கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அதன்மேலேயே விழுந்து மூடிக்கொண்டவர் சுபேதார் சுப்பிரமணியன். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். ஜார்ஜ் கிராஸ் பெற்றவர் அவர். பெங்களூரில் பயிற்சிக்குப் போன எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்த பெயர்களில் அதுவும் ஒன்று. மாமா அவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் கொஞ்சம் மாறும். உன் கட்டுரையில் வீரத்தைப் பற்றி ஒரு பத்தி வேண்டுமென்றால் இவரைப் பற்றி எழுது. மாமா யாரை வணங்கினார் என்பதிலேயே மாமா தெரிவார்.

இனி 1971. நீ அதிகம் கற்பனை செய்திருப்பது இந்த இடத்தில்தான். பசந்தர் நதிக்கரையில் குண்டுமழைக்கு நடுவே தாத்தா டாங்கிகளுக்கு முன்னால் நடந்து போனதாக எழுதியிருக்கிறாய். யார் சொன்னது? அவர் சொல்லவில்லை. என்னிடமும் சொன்னதில்லை, உன் ஆயாவிடமும் சொன்னதில்லை.

நடந்தது என்ன என்பது சரித்திரத்தில் இருக்கிறது. டிசம்பர் 3ஆம் தேதி சாயங்காலம் போர் தொடங்கியது. மேற்கில் ஷகர்கர் பகுதியில் நம் 54ஆவது டிவிஷன் முன்னேறியது. ஜம்முவுக்குப் போகிற சாலைக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. வழி நெடுகக் கண்ணிவெடி. பசந்தர் ஆற்றங்கரையில் டிசம்பர் 15 இரவு காலாட்படை அக்கரையில் கால் ஊன்றியது. டாங்கிகள் போய்ச் சேராவிட்டால் விடிந்ததும் அவர்கள் கதி அதோகதி. 9ஆவது இன்ஜினியர் ரெஜிமெண்ட்டின் சாப்பர்கள் வழி செய்துகொண்டிருந்தார்கள். அது முழுசாக முடியும் முன்பே 17 பூனா ஹார்ஸின் டாங்கிகள் துணிந்து கடந்தன. மறுநாள் அங்கேதான் 21 வயசு அருண் கேத்ரபால் உயிரைக் கொடுத்தார், பரம்வீர் சக்ரா பெற்றார். வழி செய்து கொடுத்த அந்த ரெஜிமெண்ட்டின் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரியும் அந்தப் போரில் இறந்தார். அவருக்கு மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். டிசம்பர் 17 இரவு 8 மணிக்குச் சண்டை நின்றது.

மாமா அந்த ரெஜிமெண்ட்டில் இருந்தார். இவ்வளவுதான் நமக்குத் தெரியும். அந்த இரவு அவர் எந்த இடத்தில் இருந்தார், முன்னால் இருந்தாரா, பின்னால் டேப்பும் ஆணியும் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாரா என்பது நமக்குத் தெரியாது. ஒருமுறை நான் வற்புறுத்திக் கேட்டேன். ‘குளிர் ஜாஸ்தி, கை விறைச்சுப் போச்சு’ என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. நீ அந்த ஒரு வரியை அப்படியே எழுது. ரெஜிமெண்ட் செய்ததை ரெஜிமெண்ட் செய்தது என்று எழுது. அவர் சொல்லாமல் விட்டதை நீ நிரப்பாதே. அவர் வாயைத் திறக்காததற்குக் காரணம் இருந்திருக்கும். கூட வந்தவர்களில் சிலர் திரும்பவில்லை. அவர்களுடைய பங்கையும் சேர்த்து மாமா கணக்கில் எழுதினால் அவருக்கே அது பிடிக்காது.

சாட்சி வேண்டுமென்றால் அக்காவின் பீரோவில் இருக்கிறது. மெடல்களை எடுத்துப் பார். பச்சிமி ஸ்டார் என்பது மேற்குப் போர்முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. சங்ராம் மெடலும் அந்த வருஷத்துப் போருக்குத்தான். சுதந்திர வெள்ளி விழா மெடல் ஒன்றும் இருக்கும். மெடலின் விளிம்பில் பொடி எழுத்தில் நம்பர், ரேங்க், பெயர் வெட்டியிருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துக்கொள். எந்த வருஷம் சேர்ந்தார் (1966), எந்த வருஷம் வந்தார் (1990, ஹவில்தார்) என்பதெல்லாம் அதில் இருக்கிறது. உன் கட்டுரையில் ‘சுபேதார்’ என்று போட்டிருக்கிறாய். அவருக்குக் கிடைக்காத பதவியை நாம் கொடுக்க வேண்டாம். ஹவில்தாராகவே வந்தார், அதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்லுகிறேன், இதை நீ எழுதிக்கொள்ளலாம். 1972இல் பயிற்சி முடித்து நானும் அதே ரெஜிமெண்ட்டுக்குப் போனேன். போர் முடிந்துவிட்டது, கண்ணிவெடி முடியவில்லை. புதைத்ததையெல்லாம் எடுத்தால்தான் எல்லையோரத்துக் குடியானவன் கோதுமை விதைக்க முடியும். வெடிகுண்டுச் சத்தமும் கிடையாது, பத்திரிகைக்காரனும் கிடையாது. மாசக்கணக்கில் அந்த வேலைதான். குப்புறப் படுத்துக்கொண்டு, பிராடர் என்கிற நீளக் குத்தூசியைச் சாய்வாக மண்ணில் செருக வேண்டும். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் அழுத்திவிடும். ஊசி எதிலாவது தட்டினால் நிறுத்தி, விரலால் மண்ணை ஒதுக்கி, அடியில் கம்பி ஏதும் கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பிறகு ஒரு சாண் முன்னால். மறுபடியும் முதலிலிருந்து. பார்த்து முடித்த இடத்தின் ஓரத்தில் வெள்ளை டேப் இழுத்துக்கொண்டே போவார்கள்.

எனக்கு வயசு பத்தொன்பது. உடம்பெல்லாம் அவசரம். ஒருநாள் மத்தியான வெயிலில் கடகடவென்று குத்திக்கொண்டு போனேன். பக்கத்து வரிசையில் இருந்த மாமா தலையைத் திருப்பாமலே சொன்னார்: ‘மச்சான், உன் காலுக்கு மட்டும் வழி பாக்காத. உனக்குப் பின்னால வர்றவன் கீழ பாக்காம நடப்பான்.’

அந்த மனுஷன் வாழ்க்கை பூராவும் செய்தது இதைத்தான் என்று இப்போது எனக்குப் படுகிறது. பட்டாளத்தில் ஒரு மாமா, வீட்டில் வேறொரு மாமா என்று இரண்டு பேர் இல்லை. நீ ‘போர்க்களத்தில் புலி, வீட்டில் பூனை’ என்று எழுதியிருக்கிறாய். எதுகை மோனைக்கு நன்றாக இருக்கிறது, உண்மைக்கு உதவாது. பின்னால் வருகிறவர்கள் பயமில்லாமல் நடக்க வேண்டும் என்று தரையைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனவர் அவர், ஷகர்கரிலும் சரி, நம் தெருவிலும் சரி. உன் கட்டுரைக்கு ஒரு சரடு வேண்டுமென்றால் இதைப் பிடித்துக்கொள்.

அதற்கு ஆதாரம் உன் ஆயாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அந்தக் காலத்தில் மணியார்டர் பாரத்தின் அடியில் ஒரு துண்டு இருக்கும். பணம் அனுப்புகிறவர் அதில் இரண்டு வரி எழுதலாம். தபால்காரர் பணத்தைக் கொடுத்துவிட்டு அந்தத் துண்டைக் கிழித்துக் கொடுப்பார். மாமா அனுப்பிய பணத்தையெல்லாம் செலவு செய்த அக்கா, துண்டுகளை மட்டும் செலவு செய்யவில்லை. கட்டுக் கட்டாக நூல் கட்டி வைத்திருக்கிறாள். ஒவ்வொன்றிலும் இரண்டே வரி. ‘பசு கன்று போட்டதா? அம்மா கண் ஆபரேஷனுக்கு இதில் 20 ரூபாய் தனியாக வை.’ ‘தம்பிக்குப் பரீட்சை பீஸ் கட்டு. கடன் வாங்காதே.’ ‘பாப்பாவுக்குத் தடுப்பூசி போட்டாயா?’ இப்படித்தான் இருக்கும். கண்ணே மணியே என்று ஒரு எழுத்து கிடையாது. அந்தத் துண்டுகளைத் தேதி வாரியாக அடுக்கினால் எங்கள் இரண்டு குடும்பங்களும் எந்த வருஷத்தில் எதற்கு முட்டிக்கொண்டிருந்தன என்று தெரிந்துவிடும். பாசத்தைப் பற்றி நீ எழுதியிருக்கும் முக்கால் பக்கத்தை எடுத்துவிட்டு, அந்தத் துண்டுகளில் ஐந்தாறைப் படம் எடுத்துப் போடு. படிப்பவர்களுக்குப் புரியும்.

இங்கே இன்னொன்று. உன் கட்டுரையில் ஆயா ஒரே ஒரு வாக்கியத்தில் வருகிறாள், ‘அவருக்கு உறுதுணையாக இருந்தார்’ என்று. அம்மாடி, இது பெரிய அநியாயம். 24 வருஷ சர்வீஸில் மாமா வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் சில வருஷங்கள்தான் தேறும். மீதி நாளெல்லாம் அந்த வீட்டை நடத்தியது யார்? மாமியார், மாமனார், இரண்டு நாத்தனார், ஒரு கொழுந்தன், மூன்று குழந்தைகள், ஒன்றரை ஏக்கர் புஞ்சை. 1971 டிசம்பரில் அவள் எட்டு மாசக் கர்ப்பம். ஊரில் ரேடியோ இருந்தது இரண்டு வீட்டில். சாயங்காலம் ஆகாசவாணி செய்திக்கு ஊரே அந்தத் திண்ணைகளில் போய் உட்காரும். அக்கா போக மாட்டாள். போய்க் கேட்டுவிட்டு வந்து சொல்லவும் யாரையும் விடமாட்டாள். ‘அவரு பேரு ரேடியோவுல வராது. வந்தா தந்தியில வரும்’ என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவாள் என்று எங்கள் அம்மா சொல்லியிருக்கிறாள். தையில் உன் பெரிய அத்தை பிறந்தாள். செய்தி ‘56 ஏ.பி.ஓ.’ என்ற ராணுவத் தபால் விலாசத்துக்குக் கடிதமாகப் போயிற்று. ஆடி மாசம்தான் லீவு கிடைத்து வந்து குழந்தையைப் பார்த்தார். குழந்தை அவர் மீசையைப் பார்த்து வீறிட்டு அழுதது. இதையெல்லாம் சொல்ல இப்போது ஒருத்திதான் இருக்கிறாள். பக்கவாதத்துக்குப் பிறகு நாக்கு கொஞ்சம் இழுக்கிறதே தவிர, ஞாபகம் எள்ளளவும் மங்கவில்லை. உடனே போய் உட்கார்ந்து கேள். போனில் பதிவு செய். மாமா சொல்லாமல் போனதைப் போல அவளும் போய்விட்டால், அப்புறம் உன் தலைமுறைக்கு மிஞ்சுவது சிங்கமும் புலியும்தான்.

குறைகளை விட்டுவிடாதே. செத்துப் போனவரைக் குறை சொல்லலாமா என்று உன் பெரியப்பா முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். 1990இல் அவர் வந்து இறங்கியபோது அந்த வீட்டில் அவருக்கு யாரையும் சரியாகத் தெரியாது, அவரையும் யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் வளர்ந்து நின்றார்கள். செருப்பு வரிசையாக இல்லையென்றால் கத்துவார். காலை 5 மணிக்கு விளக்கைப் போட்டு எல்லோரையும் எழுப்புவார். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்ற உன் அப்பனைத் தெருவில் வைத்து அடித்தார். அவன் பல மாசம் அவரோடு பேசவில்லை. அதற்காக மாமா யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, அந்தப் பழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் அந்த வருஷம் முழுக்கத் தினம் சாயங்காலம் சைக்கிளில் அவனை டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டு, வாத்தியார் வீட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்து கூட்டி வந்தார். மேலே முழுக்கை பனியன், மடியில் டார்ச் லைட். அப்பாவும் பிள்ளையும் வழியில் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. உன் அப்பன் இந்தக் கதையை எப்படிச் சொல்லுகிறான் என்று கேட்டுப் பார். அடித்ததைச் சொல்லாமல் வேப்பமரத்தை மட்டும் சொன்னால் கதைக்கு எடை இருக்காது. ராத்திரி இரண்டு பெக் ரம் சாப்பிடுவார் என்பதையும் எழுதலாம். மிலிட்டரி கேண்டீன் கோட்டா என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். மூன்றாவது ஊற்றி நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஒரு வங்கியில் துப்பாக்கிக் காவலராக நின்றார். எக்ஸ்சர்வீஸ்மேன் பாதிப் பேருக்கு விதித்தது அதுதானே. கல்யாணம், சீர், வளைகாப்பு எல்லாம் அந்தச் சம்பளத்திலும் பென்ஷனிலும்தான். ‘ஒரு ரேங்க் ஒரு பென்ஷன்’ 2014 ஜூலையைக் கணக்கு வைத்து வந்தபோது, கிடைத்த அரியர்ஸில் வீட்டுக்குள்ளேயே மேற்கத்திய டாய்லெட் கட்டினார். அக்காவுக்கு முட்டி வலி என்பதுதான் காரணம். பக்கவாதத்தில் அக்கா விழுந்த பிறகு நடந்தது நீயே கண்டது. 2003இல் வந்த, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். கார்டை வைத்துக்கொண்டு பாலிகிளினிக்கில் வரிசையில் நிற்பது, மாத்திரையை வேளைக்கு வேளை டப்பாவில் போடுவது, பிசியோதெரபிக்குக் கூட்டிப் போவது. ஒரு தடவை நான் போனபோது முற்றத்து நாற்காலியில் அக்காவை உட்கார வைத்து, பின்னால் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தார். வகிடு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. சடைதான் லூசு. அக்கா ஒருபக்கம் கோணின வாயால், ‘இருவது வருஷம் மெட்ராஸ் சாப்பருன்னு பேரு, ஒரு முடிச்சு இறுக்கத் தெரியல’ என்று சொல்ல, அவர் அவிழ்த்து மறுபடியும் ஆரம்பித்தார். என்னைப் பார்த்துக் கூச்சப்படவில்லை. இந்தக் காட்சியை உன் கட்டுரையில் எழுது. சிங்கம் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள், எல்லோருக்கும் அவரைத் தெரிந்துவிடும்.

கடைசியாக, யாரும் எழுத மாட்டார்கள் என்பதால் ஒன்றை நீ கட்டாயம் எழுத வேண்டும். அது காகிதங்களைப் பற்றியது. மாமா படையில் சேர்ந்து கல்யாணமான புதிதில், சர்வீஸ் ரெக்கார்டில் அக்காவின் பெயரை யாரோ ஒரு கிளார்க் காதில் விழுந்தபடி எழுதிவிட்டான். ரேஷன் கார்டில் வேறு விதம், ஆதாரில் இன்னொரு விதம். உயிரோடு இருக்கும்வரை இது யாருக்கும் உறைக்காது. அவர் போன பிறகு, ‘பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணையில் இருக்கிற மனைவி நீதான் என்று நிரூபி’ என்று கேட்பார்கள். அப்படி மாசக்கணக்கில் அலைந்த பெண்களை மாமா பார்த்திருக்கிறார். அக்காவுக்கு அந்த நிலை வரக்கூடாது என்று, ஒரு பிளாஸ்டிக் பைலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அபிடவிட் எழுதி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கையெழுத்து வாங்கி, பெங்களூர் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு நேரில் போய், ரெக்கார்டைத் திருத்தும் பார்ட் டூ ஆர்டர் போட வைத்து, அலகாபாத்திலிருந்து திருத்திய பி.பி.ஓ. வரும்வரை விடவில்லை. பிள்ளைகளின் பிறந்த தேதிகளையும் சரிபார்த்து வைத்தார். அக்கா விளையாட்டாக, ‘எனக்கு முன்னாடி போற அவசரமா?’ என்று கேட்டாள். ‘யாரு முன்னாடின்னு தெரியாதுல்ல, அதான்’ என்றார்.

போன கார்த்திகையில் அவர் போனார். உன் அப்பன் இறப்புச் சான்றிதழையும் அந்தப் பைலையும் எடுத்துக்கொண்டு போனான். ஒரு கேள்வி வரவில்லை. குடும்ப ஓய்வூதியம் அக்கா கணக்கில் ஏறியது. கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது சாதாரணக் குடும்ப ஓய்வூதியத்தின் கணக்கு. பெரிய தொகை இல்லை. ஆனால் அக்கா யார் வாசலிலும் போய் நிற்கவில்லை, எந்தப் பிள்ளை கையையும் எதிர்பார்க்கவில்லை. கணவன் போன மறு மாசமே தன் பெயரில் தனக்கு வந்த பணத்தில் பேரனுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தாள்.

ஆகவே உனக்கு நான் சொல்லும் யோசனை இதுதான். கட்டுரையைச் சுருக்கு. அடைமொழிகளை எடு. தெரிந்ததை எழுது, தெரியாத இடத்தைக் கடந்து போ. ஆயாவின் வாயிலிருந்து பாதிக் கட்டுரை வரட்டும். அட்டையில் யூனிபார்ம் படத்தோடு, அந்த முற்றத்தில் இருவரும் உட்கார்ந்திருக்கும் படத்தையும் போடு.

நினைவு நாளுக்கு பிளெக்ஸ் வைக்கப் போவதாக உன் பெரியப்பா சொன்னார். அந்தக் காசைக் கொடுக்கச் சொல்லி நீ வாங்கிக்கொள். நம் ஊரிலும் பக்கத்து ஊரிலும் இருக்கிற பழைய பட்டாளத்துக்காரர்களை மனைவியோடு, பி.பி.ஓ.வும் ஆதாரும் டிஸ்சார்ஜ் புத்தகமும் எடுத்துக்கொண்டு வரச் சொல். சாப்பாடு போடு. நீயும் உன் சிநேகிதிகளும் லேப்டாப்போடு உட்கார்ந்து பெயர், பிறந்த தேதி, கணக்கு எண் எல்லாம் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். ‘ஸ்பர்ஷ்’ ஓய்வூதியத் தளத்தில் உள்ளே நுழையத் தெரியாத கிழவர்கள் இங்கே நிறையப் பேர். வருஷா வருஷம் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றை யார் கொடுக்கவில்லை என்றும் கேளுங்கள். தப்பு இருப்பவர்களின் பட்டியலை எழுதிக்கொள். மாவட்ட அலுவலகத்துக்கு நான் கூட வருகிறேன். அங்கே எந்த மேஜையில் எதைக் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஒரே நாளில் எல்லாம் முடியாது. முடியும்வரை போய்க்கொண்டிருக்க வேண்டும், மாமா போனதைப் போல.

புதிய கட்டுரையைத் தீபாவளிக்குள் அனுப்பு.

இப்படிக்கு,
ஆசீர்வாதங்களுடன்,
உன் மாமா தாத்தா

பி.கு.: ஆயாவிடம் பேச மத்தியானம் போகாதே, மாத்திரை போட்டால் தூங்கிவிடுவாள். காலை காபிக்குப் பிறகு போ. மணியார்டர் துண்டுகளை எடுத்தால் கட்டியிருந்த வரிசையிலேயே திரும்பக் கட்டி வை. வரிசை மாறினால் அவளுக்குக் கோபம் வரும்.